மெல்லிசு வயரு

கேட்டுட்டு இருக்கறன் அம்மிணி, வேற ஒண்ணும் பண்ணல, நீ உன்ற ஆட்டத்தப் பாரு. மேசைக்கு அடியில மல்லாந்து படுத்துட்டு இந்தப்பா என்னத்தக் கேக்கறாருன்னு அவளுக்குத் தோணும், தோணட்டும், ஞாயித்துக்கெழம மத்தியானம் கறிச்சோறு உண்டுபோட்டு ஒண்டிப்புதூரே மல்லாந்துதான் கெடக்குது, நான் கொஞ்சம் எடம் மாத்திக் கெடக்கறன், அவ்வளவுதான் வித்தியாசம். தலைமாட்டுல கம்ப்யூட்டர் பொட்டி, கால்மாட்டுல யூபிஎஸ், நெஞ்சு மேல டார்ச் லைட்டு. இங்கிருந்து பாத்தா ஸ்கிரீன் தெரியாது, என்ற மக மோகனப்பிரியாவோட பாதம் ரெண்டுதான் தெரியும், அதே போதும். ஆட்டம் ஓடறப்ப அந்தப் பாதம் தையல் மிஷின் மிதிக்கறவளாட்ட ஆடிட்டே இருக்கும், ஆட்டம் தொங்குனா பாதமும் அப்படியே நின்னுபோகும், கட்டைவெரல் மட்டும் தரையில அழுந்தும். தொங்கறதுன்னா ஒரேயடியா நிக்கறதில்ல. துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடற ஆளு காத்துல கால் வெச்ச மேனிக்கு ரெண்டு மூச்சு நேரம் நிப்பான், அப்புறம் இழுத்து இழுத்து நகருவான், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதர ஓடுவான், அதுக்குள்ள எதிரி வந்து சுட்டுப்போட்டுப் போயிருப்பான். இதுக்கு இவிய வெச்சிருக்கற பேரு லேக்கு. எங்க மில்லுல இதுக்குப் பேரு டீக்குப் போறது. ஹெட்செட்டுல ஒரு காது செத்துப்போனதால கூட்டாளிக பேசறது மட்டும் ஸ்பீக்கர்ல வருது, அதனால எனக்கும் கேக்குது. கேப்டன் ஜெனிட்டா, தூத்துக்குடிப் புள்ள, மொகத்தப் பாத்ததில்ல, கொரலு மட்டும் நம்மூட்டு ஆளாட்டப் பழக்கம். "ஏட்டி கோவ, போன தடவ மாதிரி வாசல்ல செலையா நின்னுராத, கேட்டியா. சேலத்துக்காரி பெஞ்சுல ரெடியா இருக்கா. இன்னைக்கும் தொங்குனேன்னா அடுத்த வாரத்துலருந்து அவதான், பொறவு என்னைய ஏசக் கூடாது." கோயமுத்தூருங்கற ஊர்ப் பேரே ஆளுக்குப் பேராயிருச்சு. "தொங்க மாட்டேன்டி"ங்கறா என்ற மக. அந்த மாட்டேன்ல பாதி இவ கையில இருக்குது, மீதி இந்த மேசைக்கு அடியில எங்கயோ இருக்குது, அந்த மீதியத்தான் நான் தேடிட்டுக் கெடக்கறன். இன்னைக்கு ஜெயிச்சா இந்த அஞ்சு புள்ளைகளும் மெட்ராசுக்குப் போயி மேடையில உக்காந்து ஆடுவாங்களாமா. தோத்தா நாலு பேரு மறுக்கா முயற்சி பண்ணுவாங்க, அஞ்சாவது ஆளு சேலத்துப் புள்ள.

பாக்காத வைத்தியமில்ல. நெட்டுக்காரத் தம்பி வந்தான், பொட்டிய அணைச்சுப் போட்டான், இப்பப் பாருங்கண்ணான்னான், பாத்தோம், அருமையா ஓடுச்சு, அடுத்த மேட்சு வர்ற வரைக்கும். கடைக்காரர் மெமரி பத்தலைன்னாரு, போட்டோம், சூடாகுதுன்னாரு, ஃபேனு போட்டோம், இப்ப அது மூணு கலர்ல மின்னிட்டே தொங்குது, பாக்க மாரியம்மன் நோம்பி மாதர இருக்குது. என்ற ஊட்டுக்காரி சாந்தாமணியோட தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கறவன், தங்கமான பையன், பெங்களூர்ல இருந்தே நம்மூட்டு ஸ்கிரீன்ல அம்பை ஓட்டி, பின்னால ஒளிஞ்சு ஓடற புரோகிராமையெல்லாம் நிறுத்துனான், அப்பவும் கேக்கலைன்னு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்துனான். நான் என்ற பங்குக்குப் பொட்டியத் தொறந்து, மிஷின்ல பஞ்சு ஊதற மாதர ஊதி எடுத்தன். வந்த தூசிய ஸ்பின்னிங்குல போட்டிருந்தா ஒரு கோனு நூலு தேறியிருக்கும். இத்தனைக்கும் வேலைநாள்ல ஆளு வந்து பாக்கறப்ப ஒரு தொங்கலும் கெடையாது, டாக்டரக் கண்டாக் காச்சல் எறங்கற கொழந்தையாட்ட. ஞாயித்துக்கெழம மேட்சுன்னா மட்டும் வந்துரும். அதென்ன அது, கெழம பாத்து வர்ற சீக்கு, விரதமாட்ட. ஆங், நின்னுருச்சு. பாதம் நின்னுருச்சு. கட்டைவெரல் அழுந்துது. "ஐயோ, ஐயோ, ஐயோ"ங்கறா. "என்னட்டி, தொங்குதியா?" "இல்லடி, சும்மா." சும்மான்னு சொல்றா பாரு, பொய் சொல்லத் தெரியல, என்னைய மாதர. பாதம் திரும்ப ஆடுது. ஒரு ரவுண்டு போச்சு.

ஏனுங்க, அங்கயே தூங்கீட்டீங்களான்னு சாந்தாமணி கதவோரம் வந்து நின்னு கேக்கறா. இல்ல. தூங்கறதுன்னாப் பாயப் போட்டுட்டுத் தூங்குங்க, வெறுந்தரையில படுத்துப்போட்டு நாளைக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சும்பீங்க. தூங்கலைன்னு சொல்றனல்ல. கண்ணு மூடியிருக்குதே. கண்ணத் தொறந்துட்டு எப்படிக் கேக்கறதுன்னன், போயிட்டா. நெசந்தான், கண்ண மூடுனாத்தான் எனக்குக் கேக்கும், நூலு நூக்கற ரிங் பிரேம் மிஷினுக ஓடற ஷெட்டுல பொறந்ததுல இருந்து இருக்கறவனாட்ட ஆயிருச்சு காது, இத்தனை மிஷின் கத்தறதுக்குள்ள ஒரு பேரிங் மொணகறது மட்டும் தனியாத் தெரியும். ஆனா கண்ண மூடுனா வேற ஒண்ணும் வருது. யாருகிட்டயும் சொல்லாத நெனப்பு. அங்கண்ணன் மொகம் வருது. அங்கண்ணன் எங்க ஷெட்டுல வேலைக்காரன், நூலு அந்து அந்து போச்சுன்னா மிஷின்ல கோளாறும்பான், நான் ஃபிட்டரு, போயி ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாப்பன், ஒண்ணும் இருக்காது. ஒரு நாள் பக்கத்துல நின்னு பாத்தன். நூலச் சேக்கறப்ப அவன் கட்டைவெரல் ஒரு இழு இழுக்குது, அதுல அந்துருது. அவனுக்கே தெரியாது. மிஷின்ல தப்புன்னு சத்தியம் பண்ணுவான், பொய்யில்ல, நம்பிச் சொல்லுவான். அது மாதர இருந்துட்டா? இந்தத் தொங்கலுங்கறதே இல்லாம, ரெண்டு மூச்சு நேரம் இவளே பயத்துல நின்னுபோயி, கம்ப்யூட்டரு நின்னுபோச்சுன்னு நம்பிட்டிருந்தா? இத நெனச்ச ஒடனே என்ற மண்டையில நானே ஒரு தட்டுத் தட்டிக்கணும்னு தோணுது. படுத்துட்டிருக்கறதால கை எட்டல. மெமரி வாங்குனது, ஃபேனு வாங்குனது எல்லாம் இவளுக்காகன்னு சாந்தாமணி நெனச்சுட்டிருக்கறா. எனக்காகத்தான். மிஷின்லதான் கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். புள்ள மேல சந்தேகத்த வெச்சுட்டு ஒரு ஊட்டுக்குள்ள எப்படிச் சோறு உண்கறது.

சரி, கேளு. கேக்கத்தான படுத்த. நூல்ல ஒரு பழக்கம் இருக்குது. எங்கயாச்சு ஒரு எடத்துல நூலு தடிப்பா வந்தா அதக் கண்டுக்க மாட்டோம், பஞ்சோட கொணம். அதே தடிப்பு திரும்பத் திரும்ப வந்துதுன்னா நூலக் கருப்புப் பலகையில வரிசையாச் சுத்திப் பாப்போம், தடிப்புக்கும் தடிப்புக்கும் நடுவுல எத்தன தூரம்னு. அந்தத் தூரம் எந்த ரோலரோட சுத்தளவோ அந்த ரோலர்தான் கோணல். நூலே வந்து ஆளக் காட்டிக் குடுத்துரும். இங்கயும் அதே கணக்குத்தான், தொங்கல் வருது, போகுது, மறுக்கா வருது, நடுவுல எது ஒரு சுத்துச் சுத்துது? ஃபிரிட்ஜான்னு பாத்தன், போன வாரமே, அது அதும்பாட்டுக்கு ஓடுது நிக்குது, ஒத்துவரல. மேல் ஊட்டுத் தண்ணி மோட்டரு? ஞாயித்துக்கெழம அவங்க ஊட்டுலயே இருக்க மாட்டாங்க. ஃபேனு சத்தம், புள்ள கீபோர்டத் தட்டற சத்தம், ஜெனிட்டா சத்தம், "மேல பாருட்டி, மாடில நிக்கான், மாடில நிக்கான்", கீழ ஆரோ பாத்திரம் உருட்டற சத்தம், அப்புறம் டர்ர்ர்ருன்னு ஒரு உறுமல், ஆரம்பத்துல கனமா, போகப்போக லேசா, அது பேபியக்கா கிரைண்டரு, கீழ் ஊட்டுல மாவு ஆட்டி விக்கறாங்க, அப்புறம் என்ற கால்மாட்டுல டக்குன்னு ஒண்ணு, அப்புறம் பாதம் நின்னுருச்சு. இருங்க. இருங்க இருங்க. டர்ர்ரு, டக்கு, பாதம். இந்த மூணும் இந்த வரிசையிலதான் வந்துதா, இல்ல நான் ஆசப்பட்டு வரிசை போட்டுக்கறனா? ஆசப்பட்டவனுக்கு எல்லாமே வரிசையாத்தான் கேக்கும். இன்னொருக்கா வரட்டும். பேபியக்கா ஊட்டுல கிரைண்டரு வரிசையா நாலஞ்சு நிக்குது, ஒண்ணு ஆட்டி முடிச்சா இன்னொண்ணப் போடுவாங்க, திங்கக்கெழமை ஊரே இட்டலி சுடும், அதனால ஞாயித்துக்கெழம மத்தியானமெல்லாம் ஓடும். ஞாயித்துக்கெழம! கெழம பாத்து வர்ற சீக்கு! மூச்சப் புடிச்சுட்டுக் கெடக்கறன். மேல ஒரு ரவுண்டு ஜெயிச்சுட்டாங்க போல, அஞ்சு புள்ளைகளும் ஒரே நேரத்துல கத்துது, அத்தனையும் ஒரே வார்த்தை, என்ன வார்த்தைன்னு புரியல, அத நான் கேக்காம இருக்கறதே நல்லது. வா பேபியக்கா, வா, உளுந்தோ அரிசியோ எதையாச்சும் போடு. டர்ர்ரு. டக்கு. பாதம்! யூபிஎஸ்சுல பச்ச லைட்டு மஞ்சளாயி மறுக்காப் பச்சையாச்சு. புள்ள கட்டைவெரல் தரைய அமுக்குது, "ஐயோ"ங்கறா, எனக்கு இங்க சிரிப்பு வருது, என்ற புள்ள சாகறா, நான் மேசைக்கு அடியில சிரிக்கறன். அவ கட்டைவெரல் இல்ல. அங்கண்ணன் இல்ல. மிஷின்ல கோளாறு. சாமி, மிஷின்ல கோளாறு!

சிரிச்சது போதும், எப்படின்னு யோசி. கிரைண்டரு கெளம்பறப்ப ஒரு நொடி நேரத்துக்குக் கரண்டு அமுங்குது, யூபிஎஸ்சு அது கரண்டு போச்சுன்னு நெனச்சு டக்குன்னு பேட்டரிக்கு மாறுது, சரின்னு தெரிஞ்சு திரும்பி வருது. மின்சாரம் பத்தி நான் படிச்சது ராத்திரிப் பள்ளிக்கூடத்துல, அந்தப் பாடம் நடத்துன அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல கரண்டு இல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல வாத்தியாரு மின்விளக்கு வரைஞ்சாரு, இருந்தாலும் இவ்வளவு எனக்குத் தெரியும். ஆனா அதுக்குத்தான யூபிஎஸ்சு? பேட்டரி தாங்கிக்கும், கம்ப்யூட்டருக்குத் தெரியவே கூடாது. கரண்டு போனது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? யாரு போயிச் சொன்னா? டார்ச்ச அடிச்சன். யூபிஎஸ்சு பின்னால இருந்து தடிமனா ரெண்டு வயரு, அது கரண்டு வயரு, அதுக கூட ஒட்டடையோட ஒட்டடையா மெல்லிசா ஒண்ணு, பொட்டி பின்னாலயே போயிச் சொருகியிருக்குது. உனக்கென்னடா இங்க சோலி? ஓ. ஓஹோ. யூபிஎஸ்சு வாங்கிட்டு வந்த அன்னைக்கு டப்பாவுக்குள்ள ஒரு மெல்லிசு வயரு தனியா இருந்துச்சு, இது எதுக்குங்கன்னு கடையில கேட்டதுக்கு வேணும்னா மாட்டுங்க, இல்லாட்டி விட்டுருங்கன்னாங்க. சாந்தாமணி ஒத்துக்கல. டப்பாவுல குடுத்தத எதுக்குங்க வெளிய வெக்கோணும், அதுக்கும் சேத்துத்தான வாங்கியிருக்கறோம். அது நம்மூட்டுச் சட்டம், இட்டலிக் குண்டாவுல வந்த மூணாவது தட்டுக்கூட, உள்ள எறங்காதுன்னு தெரிஞ்சும், பொழங்கிட்டுத்தான் இருக்கறோம், தண்ணிக் கொடம் மூடி வெக்க. மாட்டுனன். மாட்டுனதும் ஸ்கிரீன் மூலையில செல்போனாட்டப் பேட்டரி படம் வந்துருச்சு, ஊட்டுல எல்லாத்துக்கும் பெருமை, வர்ற ஒறம்பரை சனத்துக்கெல்லாம் காமிச்சோம். போன மாசம் கரண்டு போனப்பப் பாத்தனல்ல, ஆட்டம் அப்படியே நத்தையாட்ட நகந்துச்சு, பேட்டரிய மிச்சம் புடிக்குதுன்னு புள்ளை சொன்னா, அது நாயந்தானன்னு விட்டுட்டோம். அதேதான் ஒவ்வொரு டக்குக்கும் நடக்குது. இந்த மெல்லிசு வயரு போயி, கரண்டு போச்சு, கரண்டு போச்சுன்னு கோள் சொல்லுது, கம்ப்யூட்டரு நம்பி, சிக்கனமா இருக்கலாம்னு கைகால மடக்கி உக்காந்துருது, சரியாப் போச்சுன்னு தகவல் வந்து எந்திரிக்கறதுக்குள்ள புள்ளையச் சுட்டுட்டானுக.

அம்மிணி. என்னப்பா! ஒரு வயரப் புடுங்கட்டா? எதப்பா? மெல்லிசா ஒண்ணு. அப்பா, மேட்ச்சு ஓடிட்டிருக்குது! தெரியுது, ரவுண்டு முடிஞ்சு அடுத்த ரவுண்டுக்கு நடுவுல ஒரு மூச்சு விடற நேரம் இருக்குதல்ல, அதுலதான். "ஆரோடட்டி பேசுத?" "எங்கப்பாடி, வயரப் புடுங்கறேங்கறாரு." "வயரப் புடுங்குதாரா? ஏட்டி, கடைசி ரவுண்டுட்டி இது, ரெண்டு பேருக்கும் சமமா நிக்கி, உங்கப்பாவைக் கைகால் கட்டிப் போடு!" நல்ல கேப்டன், நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பன். சாந்தாமணி வந்து எட்டிப் பாக்கறா, பேபியக்கா கிரைண்டரு பண்ற வேலைன்னன், என்னங்க கெரகம் இது, கிரைண்டராலன்னா நான் போயி பேபியக்காகிட்டச் செத்த நேரம் நிறுத்தச் சொல்லட்டுங்களா? வேண்டாம். ஊறப்போட்ட அரிசி புள்ளைக வெளையாட்டுக்காகக் காத்திருக்குமா, அவங்க பொழப்பு அது. இன்னைக்கு நிறுத்துவாங்க, அடுத்த வாரம்? மெட்ராசுல ஆடறப்ப சரி, அதுவரைக்கும்? நூலு தடிப்பா வந்தா ரோலரத்தான் மாத்தோணும், நூலப் போயிக் கெஞ்சக் கூடாது. வெரல்ல அந்த மெல்லிசு வயரு இருக்குது. பக்கத்துலயே கரண்டு வயரு, ரெண்டும் கருப்பு, ரெண்டுத்து மேலயும் ஒட்டடை, இழுக்கறப்ப அதுவும் சேந்து வந்துதுன்னா ஆட்டம் மட்டுமில்ல, பொட்டியே அணைஞ்சுரும், சேலத்துக்காரிக்கு நானே மாலை போட்டு அழைச்சுட்டு வந்த மாதர ஆயிரும். அது போக இன்னொண்ணும் இருக்குது, கையில வயரப் புடிச்சதுக்கப்புறம்தான் அதுவும் தெரியுது. இதப் புடுங்கிட்டா அப்புறம் சாக்கு இல்ல. இனித் தோத்தா அவதான் தோத்தது. தொங்குச்சுன்னு சொல்ல முடியாது, இந்த வயரு இத்தன நாளா அவளத் தோக்கடிச்சுது, கூடவே தாங்கியும் புடிச்சுட்டிருந்துது. புடுங்கட்டா வேண்டாமா? என்னைய எதுக்கு நீ கேக்கற, அவளக் கேளு. அம்மிணி, புடுங்குனா இனித் தொங்காது. பாதம் ரெண்டும் ஆடறது நின்னுச்சு, தொங்கறப்ப நிக்கற மாதர இல்ல, வேற மாதர, குதிகால ஊனி. "புடுங்குங்கப்பா." இழுத்தன்.

ஒண்ணும் நடக்கல. அதாவது ஒண்ணும் அணையல. மூணு கலர் ஃபேனு நோம்பி கொண்டாடிட்டே இருக்குது. "ஸ்டார்ட் ஆச்சு, ஓடுங்கட்டி!" பாதம் ஆட ஆரம்பிச்சுருச்சு. நான் வயரக் கையிலயே புடிச்சுட்டுக் கெடக்கறன், செத்த பாம்ப வாலப் புடிச்சவனாட்ட. கீழ சத்தமில்ல. இன்னேரத்துக்குத்தான் பேபியக்கா வெத்தலை போடப் போயிருப்பாங்க, வராதப்ப வா வாங்கறன், வர்றப்ப வேண்டாங்கறன், மனுசன் கொணம். மேல ஜெனிட்டா கொரல் ஏறுது, "செல்வியும் இன்னொருத்தியும் போயிட்டாளுவ. நானும் போயிட்டேன். ஏட்டி, ரெண்டு பேரு மிச்சமா? இல்ல, அவளும் போயிட்டா. கோவ, நீ மட்டுந்தாம்ட்டி. வாசலை விட்டுராத, அவனுக மூணு பேரு வாரானுக." மூணு பேரு. ஒருத்தி. கீழ பாத்திரம் உருளுது. வேண்டாம் பேபியக்கா. வா பேபியக்கா. டர்ர்ர்ரு. எல்லாத்தையும் விடப் பெரிய கிரைண்டரு இது, தரையே அதுருது, முதுகுல தெரியுது. டக்கு. மஞ்ச லைட்டு. பாதத்தப் பாத்தன். ஆடிட்டே இருக்குது! ஆடிட்டே இருக்குது, ஒரு எளை கூட நிக்கல, பச்சைக்கு வந்துருச்சு, பாதம் ஆடிட்டேதான் இருக்குது, அதுக்குள்ள மேல, "ஒண்ணு! ஒண்ணப் போட்டுட்டா!" "ரெண்டு! ஏட்டி, பின்னால, பின்னால!" பின்னாலயாமா அம்மிணி, கேட்டுதா, கேட்டிருக்கும், நாற்காலி ஒரு பக்கமா சாஞ்சு கிறீச்சுங்குது, வலது பாதம் தரைய விட்டு மேல போயிருச்சு, எடது மட்டும் ஊனி நிக்குது. இது வயரு பண்றதில்ல. வயரு என்ற கையில செத்துக் கெடக்குது. இது அவ. ஒரு நொடி சத்தமே இல்ல. அந்த ஒரு நொடியில நான் அங்கண்ணன் கிட்ட, மெமரிக் கடைக்காரர் கிட்ட, பெங்களூரு மச்சினன் கிட்ட, பாக்காத அந்தச் சேலத்துப் புள்ள கிட்டக்கூட மன்னிச்சுக்கங்கன்னு சொல்லி முடிச்சுட்டன், எதுக்குன்னு தெரியல. அப்புறம் ஸ்பீக்கரு ஒடையற மாதர நாலு கொரலு. "மூணையும்ட்டி! மூணையும் போட்டுட்டாட்டி! மெட்ராசுட்டி! ஏ கோவ, அடுத்த வாரமும் நீதாம்ட்டி வாசல்ல நிக்க, அங்கயும் நீதான் நிக்க, சேலத்துக்காரி அங்கயே உக்காந்து வேர்க்கடலை தின்னட்டும்! ஏட்டி, உங்கப்பா எங்கட்டி, அவரக் கூப்புடு, அவருக்கு நான் ஒரு சல்யூட் அடிக்கணும்!" சல்யூட்டு. படுத்துட்டே வாங்கிக்கறன். எந்திரிச்சா அழுதுருவன்.

நாற்காலி பின்னால நகருது. மேசைக்கு அடியில தலைகீழா ஒரு மொகம் எறங்குது, முடியெல்லாம் தரையக் கூட்டுது, நெத்தியில வேர்வை, பல்லெல்லாம் தெரியுது. இன்னைக்கு மத்தியானத்துல இருந்து பாதத்தையே பாத்துட்டிருந்தவனுக்கு அந்த மொகம் ரொம்பப் பெருசாத் தெரியுது. "அப்பா, புடிச்சுட்டீங்கப்பா." நீயும்தான். "நான் சும்மா சொல்றேன்னு நெனச்சீங்களாப்பா? எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க." பொய் சொல்லத் தெரியாத குடும்பம் எங்களுது. ஒருக்கா நெனச்சன் அம்மிணின்னு சொன்னன், வாசல்ல மூணு பேரு வந்தப்ப வயரு என்ற கையிலதான் இருந்துதுன்னும் சொன்னன். தலைகீழ் மொகம் சிரிக்குது. சிரிச்சா யாராட்ட இருக்குதுன்னு சொல்லலாம்னு வாயத் தொறக்கறன், அதுக்குள்ள சமையக்கட்டுல இருந்து, ஏனுங்க, சிலிண்டரு தீந்துபோச்சுங்க, டீக்குப் பாலு பாதி கொதியில நிக்குது, கொஞ்சம் வந்து மாத்திக் குடுத்துட்டுப் போயி உங்க புள்ளையக் கொஞ்சுங்க. மெட்ராசுக்குப் போற புள்ளையோட அப்பனையா நீ சிலிண்டரு மாத்தச் சொல்றன்னன். அவரையேதானுங்க, வேற ஆரு இருக்கறா இந்த ஊட்டுல. அதும் சரிதான். வயரச் சட்டைப் பாக்கெட்டுல சுருட்டி வெச்சுட்டு, வாரன் சாந்தாமணின்னு எந்திரிச்சுப் போனன்.